அம்பத்தூர் தொழிற்பேட்டை: தானியங்கி இயந்திரங்களும் தொழிலாளரும்

சென்னையின் மேற்குப் புறநகரில் தமிழ்நாடு அரசு 1964-இல் அமைத்த சிறுதொழில் வளாகம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வாகன உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகள் இங்கு மிகுதி.

தொடக்கத்தில் பட்டறையின் மையம் லேத் என்னும் கடைசல் இயந்திரமும் அதன் முன் நின்று அதை இயக்கும் டர்னரும்தாம். வரைபடம் படிப்பது, இரும்புத் துண்டைச் சக் என்னும் சுழல் பிடிப்பில் இறுக்குவது, கைச்சக்கரம் சுழற்றி டூல் என்னும் வெட்டுக்கருவியை நகர்த்துவது, மைக்ரோமீட்டரால் அளப்பது எல்லாம் செய்பவர் அவர் ஒருவரே. டூல் மழுங்குவதை ஓசையிலேயே கண்டுகொள்வார். சி.என்.சி. (கணினிவழி எண் கட்டுப்பாட்டு) இயந்திரம் வந்தபின் டூலின் நகர்வைக் கணினி நிரல் ஏற்றது. டர்னரின் வேலை மறையவில்லை, மூன்றாக உடைந்தது. நிரல் எழுதுபவர் ஒருவர். டூல்களைப் பொருத்தி முதல் துண்டைச் சரிபார்க்கும் செட்டர் ஒருவர். துண்டை வைத்து, பொத்தான் அழுத்தி, எடுக்கும் ஆபரேட்டர் ஒருவர். பழைய கைத்திறனின் பெரும்பகுதி செட்டரிடம் தங்கியது எனலாம். விரைவில் கற்கக்கூடியது ஆபரேட்டர் வேலை. ஒப்பந்தத் தொழிலாளரை வைத்து எளிதில் நிரப்பப்படுவதும் அதுவே. ஒருவரே இரண்டு மூன்று இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதும் உண்டு.

ஆயிரக்கணக்கில் ஒரே உருப்படி வேண்டும்போதுதான் நிரல் எழுதுவதில் ஆதாயம். பழுதுபார்ப்புக்கோ ஒற்றை உருப்படிக்கோ சாதாரண லேத்தே சிக்கனம். ஆகவே அது இன்னும் ஓடுகிறது.

இந்த மாற்றத்துக்கு ஆட்களைத் தயார்செய்யத் தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை (ஐ.டி.ஐ.) ரோபோ, சி.என்.சி. பயிற்சிக்கேற்ப மேம்படுத்தியது.