நீலகிரி: வரலாற்றுக் கட்டடங்களும் இயற்கைக் காட்சிகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த நீலகிரி மலைத்தொகுதி, இன்று தமிழ்நாட்டின் ஒரு மாவட்டமாகவும் கோடைக்காலச் சுற்றுலாத் தலமாகவும் அறியப்படுகிறது. இதன் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா கடல் மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரமுடையது. இம்மலையில் பார்க்கத்தக்கவை எனச் சொல்லப்படும் கட்டடங்களும் ஏரியும் பூங்காவும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் ஒரே குடியேற்ற முயற்சியின் பகுதிகளாக உருவானவை; ஆகவே கட்டடங்களை வரலாறு என்றும் காட்சிகளை இயற்கை என்றும் தனித்தனியே பிரித்துப் பேசுவது இங்கே பொருந்தாது.

மலையைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகப் பழையவை. சேரன் செங்குட்டுவன் வடதிசைப் பயணத்தின்போது நீலகிரியில் தங்கிய செய்தி சிலப்பதிகாரத்தில் உள்ளது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடர்களை அச்சுறுத்திய செய்தியை 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோர் வாழ்ந்த இம்மலை, திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது.

கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் முதலில் தங்குமிடம் அமைத்தார். பின்னர் மேற்கே உதகமண்டலத்துப் பள்ளத்தாக்கைக் கண்டு, தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலைக்கு நிலம் வாங்கினார் என்று கூறப்படுகிறது. அந்த மேய்ச்சல் நிலத்தின் அருமைக்கு இது எவ்வகையிலும் ஈடான விலையன்று. அங்கு 1822இல் அவர் கட்டத் தொடங்கிய வீடே உதகையின் முதல் ஐரோப்பியக் கட்டடம். மலைமக்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றனர். இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது.

அக்காலக் கட்டடங்களுள் மிகுந்த கவனத்துக்குரியது புனித ஸ்டீபன் தேவாலயம். சென்னை மாகாண ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் 1829 ஏப்ரல் 23 அன்று இதற்கு அடிக்கல் நாட்டினார். கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர் 1830 நவம்பர் 5 அன்று இதை அர்ப்பணித்தார். இதன் பெரிய உத்தரங்களும் பிற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையைப் பிரித்து எடுக்கப்பட்டு, சரியான பாதையில்லாத மலைச்சரிவில் யானைகளைக் கொண்டு மேலே இழுத்துவரப்பட்டவை. தோற்ற அரசனின் கூடத்தைத் தாங்கிய மரம் வென்றவர்களின் வழிபாட்டிடத்தைத் தாங்குவதால், அந்நூற்றாண்டின் அரசியலை இக்கூரை வேறெந்தக் கட்டடத்தையும்விடத் தெளிவாக எடுத்துரைக்கிறது எனலாம். சல்லிவனின் மனைவியும் மகளும் இதனை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

ஊரின் நடுவே உள்ள உதகை ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மலையோடைகளுக்கு அணையிட்டு, 1823 முதல் 1825 வரையான ஆண்டுகளில் சல்லிவன் அதை வெட்டுவித்தார். முன்பு இதைவிட விரிவாக இருந்த நீர்ப்பரப்பின் ஒரு பகுதி பின்னர்க் குதிரைப் பந்தயத் திடலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடமாயிற்று. தொட்டபெட்டாவின் கீழ்ச்சரிவில் ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பில் படிப்படியாக அமைந்த அரசு தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கியூ பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மக்கைவர் சதுப்பும் காடுமாயிருந்த அச்சரிவைப் பூங்காவாக மாற்றினார். சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடையதாகக் கருதப்படும் கல்மரம், அதாவது புதைந்து கல்லாக இறுகிய அடிமரம், இங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

சென்னை மாகாண அரசு வெயில் மாதங்களில் உதகைக்கு இடம்பெயர்ந்து ஆட்சி நடத்தும் வழக்கம் நிலைபெற்ற பிறகு ஆளுநர் மாளிகை, மைசூர் மன்னரின் பெர்ன்ஹில் அரண்மனை, ராபர்ட் சிஷோம் வடிவமைத்த நீலகிரி நூலகம் ஆகியவை எழுந்தன. சமவெளியையும் மலையையும் இணைத்த இருப்புப்பாதை 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் திறக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள செங்குத்தான பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தை இயந்திரத்தின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுவதால் 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்திலும் வண்டி பின்னோக்கி வழுக்குவதில்லை. ஏறக்குறைய 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நீலகிரியின் பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிடுவோர் தோடர் கோயில்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். இது திருத்தப்பட வேண்டிய குறை. மந்து எனப்படும் தோடர் குடியிருப்பில், எருமைப் பாலைத் தூய்மை விதிகளுடன் கையாளும் பால்மனையே கோயிலாக விளங்குகிறது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, புல் வேய்ந்த அரைப்பீப்பாய் வடிவிலான இக்கட்டடத்துக்குள் குனிந்து தவழ்ந்தே நுழைய முடியும். சில இடங்களில் உயர்ந்த கூம்பு வடிவக் கோயில்களும் உள்ளன. கூரை வேய்வதற்குரிய சிறப்பான புல், சோலைக்காடுகளுக்கு இடையே பரந்த புல்வெளிகளின் சதுப்புகளில் மட்டுமே வளர்வது. யூகலிப்டஸ், சீகை போன்ற அயல்மரத் தோட்டங்களும் தேயிலையும் காய்கறி வேளாண்மையும் அணைகளும் அந்நிலங்களைப் பெருமளவு சுருக்கிவிட்டதால், கூரையைப் புதுப்பிக்கும் காலத்தில் தோடர்கள் இப்புல்லைத் தேடி எஞ்சிய சதுப்புகளுக்கு வெகுதொலைவு செல்ல நேர்கிறது.