இடது ஓரத்தில் 24 பிக்ஸல்: கமடோர் 64-ஐ ஏமாற்றி வரைந்த கதை

போன எபிசோட்ல பழைய ஹோம் கம்ப்யூட்டர்கள் எப்படிப் பாடின என்று பேசினோம். இன்னிக்கு அதுங்க எப்படிப் படம் காட்டின என்பது. குறிப்பா ஒரே ஒரு மெஷின், கமடோர் 64. அதுலயும் ஒரே ஒரு தந்திரம். கொஞ்சம் டெக்னிக்கலா போகும், ஆனா கூடவே வாங்க, நடுவுல விட்டுட மாட்டேன்.

1982 ஜனவரியில் லாஸ் வேகஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் கமடோர் 64-ஐ காட்டினார்கள். அறிமுக விலை 595 டாலர். 64 கிலோபைட் மெமரி, கிட்டத்தட்ட 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6510 பிராசஸர். இப்ப உங்க கையில இருக்குற போன்ல ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் பிடிக்கிற இடத்துல அந்த முழு மெமரியும் அடங்கிடும். படத்தைப் பார்த்துக்கிறதுக்கு விக்-2 என்று தனியா ஒரு சிப். கமடோருக்குச் சொந்தமான மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தில், ஆல் ஷார்பென்டியே தலைமையில் வடிவமைத்தது. 16 நிறங்கள், எட்டு ஸ்ப்ரைட்கள், ஹார்டுவேர் ஸ்க்ரோலிங். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது ராஜபோகம்.

வேடிக்கை என்னன்னா, கூடவே வந்த பேசிக் மொழியில் இதைத் தொட ஒரு கட்டளைகூட கிடையாது. கோடு போடணுமா? போக் கட்டளையை வைத்து நேராக சிப்பின் ரெஜிஸ்டர்களில் எண்களைத் திணிக்கணும். அதனாலதான் அந்தத் தலைமுறைப் பசங்களுக்கு 53265 மாதிரி எண்கள் எல்லாம் போன் நம்பர் போல மனப்பாடம். அந்த 53265-ஐ நினைவில் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் அவர்தான் ஹீரோ.

16 நிறம் இருக்கு, சரி. ஆனா நினைச்ச பிக்ஸலுக்கு நினைச்ச நிறம் வைக்க முடியாது. மல்டிகலர் பிட்மேப் என்ற முறையில் திரை 160-க்கு 200 பிக்ஸல். அதை 4-க்கு 8 பிக்ஸல் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் நான்கே நிறங்கள்தான். ஒன்று முழுத் திரைக்கும் பொதுவான பின்னணி. இரண்டு, ஸ்க்ரீன் மெமரி என்ற 1000 பைட் பகுதியிலிருந்து வரும். மீதி ஒன்று கலர் ராம் என்ற தனிச் சிப்பிலிருந்து. ஒரு முகம் வரைகிறீர்கள் என்று வையுங்கள். கண், புருவம், தோல், நிழல் என்று நான்கு நிறமும் ஒரே கட்டத்தில் தீர்ந்துபோகும். ஐந்தாவதாக ஒரு முடிக்கற்றை வந்தால் ஓவியருக்குத் தலைவலி.

ஏன் இப்படிக் கஞ்சத்தனம்? எல்லா பிக்ஸலுக்கும் 16 நிறச் சுதந்திரம் கொடுத்தால், இதே 160-க்கு 200 திரைக்கு 16,000 பைட் வேணும். கட்டம் போட்டால் 8000 பைட் படத்துக்கு, ஸ்க்ரீன் மெமரிக்கு 1000, கலர் ராமுக்கு அரை பைட்டாக ஒரு 1000. மெமரி விலையும், ஒரு நொடிக்குள் எவ்வளவு பைட் படிக்க முடியும் என்ற வேகமும் சேர்ந்து எடுத்த முடிவு இது. என் பார்வையில் இது கச்சிதமான டிசைன். கஞ்சத்தனம்னு சொன்னது செல்லமாத்தான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பிராசஸருக்கும் விக்-2-க்கும் மெமரி ஒன்றே. குழாயடியில் ரெண்டு பேர் நிற்கிற மாதிரி. ஒவ்வொரு சைக்கிளிலும் பாதி நேரம் இவர் குடம், பாதி நேரம் அவர் குடம். சண்டையே இல்லை. ஆனா கட்டங்களின் நிறத் தகவலைப் படிக்க விக்-2-க்கு இந்தப் பாதி நேரம் போதாது. அதனால எட்டு வரிக்கு ஒருமுறை, புதுக் கட்ட வரிசை தொடங்கும்போது, அது 40 குடத்தோடு வந்து நிற்கும். பிராசஸர் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருக்கணும். பால் டிவியில் ஒரு வரிக்கு 63 சைக்கிள். அதில் 40 போனால் மிச்சம் 23. புரோகிராமர்கள் எரிச்சலில் இந்த வரிக்கு வைத்த பெயர் பேட் லைன்.

அது எந்த வரி பேட் லைன் என்று விக்-2 எப்படி முடிவு பண்ணுது? இங்கேதான் கதவு திறக்குது. இப்போது வரையும் வரியின் எண்ணில் கடைசி மூன்று பிட்டையும், 53265-ல் இருக்கும் கடைசி மூன்று பிட்டையும் ஒப்பிடும். ரெண்டும் ஒன்றானால் பேட் லைன். அந்த மூன்று பிட் அங்கே இருப்பதன் உண்மையான வேலை, திரையை மேலும் கீழும் மெதுவாக நகர்த்துவது. ஆனா ஒப்பிடுவது எட்டு வரிக்கு ஒருமுறை அல்ல, ஒவ்வொரு வரியிலும் நடக்குது.

அப்படின்னா ஒவ்வொரு வரியிலும் அந்த மூன்று பிட்டை நாமே மாற்றிக்கொண்டே போனால்? எல்லா வரியும் பேட் லைன். விக்-2 ஒவ்வொரு வரிக்கும் நிறத் தகவலை மறுபடி படிக்கும். கூடவே 53272 என்ற ரெஜிஸ்டரை மாற்றினால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்க்ரீன் மெமரியிலிருந்து படிக்கும். 4-க்கு 8 கட்டம் உடைந்து 4-க்கு 1 ஆகிவிடும். அந்த இரண்டு நிறங்களை வரிக்கு வரி மாற்றலாம். இதுதான் எஃப்எல்ஐ. 1980களின் இறுதியில் ஐரோப்பிய டெமோ சீன் பசங்க கையில் வளர்ந்தது. விளையாட்டுகளின் காப்புப் பூட்டை உடைத்து, அதன் முன்னால் தங்கள் பெயரை ஜிகினாவோடு ஓடவிட்ட பசங்களிலிருந்து கிளைத்த கூட்டம் அது. இன்னிக்கு அதே டெமோ சீன் பின்லாந்திலும் ஜெர்மனியிலும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இருக்கு. காலம் எப்படி மாறுது பாருங்க.

கணக்கு எவ்வளவு இறுக்கம்னு கவனிங்க. எட்டு ஸ்க்ரீன் மெமரி, ஒவ்வொன்றும் 1 கிலோபைட். படத்துக்கு 8. மொத்தம் 16 கிலோபைட். விக்-2-வால் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்த மெமரியும் சரியாக 16 கிலோபைட்தான். நேரத்திலும் அதே கதை. ரெண்டு எண்ணை எடுத்து ரெண்டு ரெஜிஸ்டரில் வைக்க குறைந்தது 12 சைக்கிள் ஆகும். கையில் இருப்பது 23. எழுதுவது ஒரு சைக்கிள் முன்னே பின்னே போனாலும் படம் கிழியும். ஆனா இன்டரப்ட் வரும்போது பிராசஸர் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை முடித்துவிட்டுத்தான் வரும், அதனால ஒவ்வொரு முறையும் சில சைக்கிள் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்க ஒரு இன்டரப்டுக்குள் இன்னொரு இன்டரப்டை வைத்து நேரத்தைச் சீர் பண்ணினார்கள். அமெரிக்காவின் என்டிஎஸ்சி மெஷினில் வரிக்கு 65 சைக்கிள். ஐரோப்பாவில் எழுதியது அங்கே அப்படியே ஓடாது.

சரி, தலைப்பில் சொன்ன 24 பிக்ஸல். எஃப்எல்ஐ படங்களின் இடது ஓரத்தில் ஒரு குப்பைப் பட்டை இருக்கும், பெரும்பாலும் வெளிர் சாம்பல் நிறம். ஓவியரின் தவறு அல்ல. விக்-2 திடீரென்று குழாயைக் கேட்டால், பிராசஸர் அப்போது மெமரியில் எழுதிக்கொண்டிருக்கலாம். 6510 தொடர்ச்சியாக அதிகபட்சம் மூன்று சைக்கிள் எழுதும். அதனால மூன்று சைக்கிள் மரியாதை: கையில் இருக்கும் குடத்தை நிரப்பிட்டுப் போ. சாதாரண பேட் லைனில் விக்-2 முன்கூட்டியே சொல்லிவிடும், பிரச்சினை இல்லை. நாம் நடு வரியில் கட்டாயப்படுத்தும்போது அந்த மூன்று சைக்கிளும் படிப்பு நேரத்திலேயே போகும். குழாய் இன்னும் கைக்கு வராததால், விக்-2 எல்லா பிட்டும் ஒன்றாக இருக்கும் 255-ஐப் படிக்கும். நிற எண்ணாகப் பார்த்தால் 15, அதுதான் வெளிர் சாம்பல். மூன்று கட்டம், ஒவ்வொன்றும் 8 நுண்பிக்ஸல் அகலம், ஆக 24.

அப்ப முன்னாடியே மாற்றினால் என்ன என்று கேட்பீங்க. அதையும் சிப் அடைத்து வைத்திருக்கு. கட்டத்துக்குள் எத்தனாவது வரி என்று 0 முதல் 7 வரை எண்ணும் ஒரு கவுண்டர் உள்ளே இருக்கு. 14-ஆவது சைக்கிளில் அந்த வரி பேட் லைனாக இருந்தால் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு வரியும் பூஜ்யமானால் கட்டத்தின் முதல் வரியே எட்டு முறை வரும், படம் போச்சு. எனவே 14 தாண்டும் வரை காத்திருந்தே ஆகணும். காத்திருந்தால் மூன்று கட்டம் போகும். தப்பிக்க வழியே இல்லை. பலர் அந்த ஓரத்தைக் காலியாக விட்டார்கள். சிலர் ஸ்ப்ரைட்டால் மூடினார்கள். ஸ்ப்ரைட்டின் அகலமும் 24 பிக்ஸல்தான், அதிர்ஷ்டம்.

இவ்வளவும் செய்து கிடைப்பது அசையாத படம். 200 வரியிலும் பிராசஸர் இதே வேலையில் கட்டிப்போடப்படும். 312 வரியில் மீதி 112 வரி நேரம்தான் மற்ற எல்லாவற்றுக்கும். அதனாலதான் விளையாட்டுகளில் இதை நடுத்திரையில் பார்ப்பது அபூர்வம். பிறகு ரெண்டு படத்தை ஒன்றுவிட்டு ஒன்று காட்டிக் கண்ணிலேயே நிறம் கலக்க வைத்தார்கள். அது நொடிக்கு 25 முறை மினுக்கும், எனக்கு அஞ்சு நிமிஷத்துல கண் வலிக்கும். 2009-ல் கிரெஸ்ட் குழுவினர் கொண்டுவந்த என்யூஎஃப்எல்ஐ எனக்கு இதைவிடப் பிடிக்கும். ரெண்டு வரிக்கு ஒருமுறை மட்டும் கட்டாயப்படுத்தி, படத்துக்கு அடியில் ஸ்ப்ரைட்களை விரித்து நிறம் சேர்த்தார்கள். 320-க்கு 200, மினுக்கல் இல்லை. மெஷின் வெளிவந்து 27 வருஷம் கழித்து!

இதே குடும்பத்து இன்னொரு தந்திரம் விஎஸ்பி. பேட் லைனைத் தாமதமாகத் தூண்டினால் முழுத் திரையும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், பைட்களைக் காப்பி பண்ணவே வேண்டாம். 1993-ல் வந்த மேஹெம் இன் மான்ஸ்டர்லேண்ட் விளையாட்டின் வேகத்துக்கு இதுதான் காரணம். ஆனா சில மெஷின்களில் இது செத்துப்போகும். ஒருத்தர் வீட்டில் நாள்முழுக்க ஓடும், பக்கத்து வீட்டில் ஐந்து நிமிடத்தில் கிராஷ். 2013-ல் லினஸ் ஓகேசன் என்ற ஸ்வீடன்காரர் இதைத் தோண்டி எடுத்து விளக்கினார். தவறான நொடித்துளியில் மெமரி முகவரி தடுமாறுவதால், பதினாறடிமான முறையில் 7 அல்லது எஃப்பில் முடியும் முகவரிகளின் பைட்கள் கெடுகின்றன. அந்த இடங்களில் முக்கியமானது எதையும் வைக்காமல் எழுதினால் பிழைக்கலாம் என்று செய்தும் காட்டினார்.

ஆவணத்தில் இல்லாத நடத்தையை நம்பி இன்னிக்கு ஆபீஸ்ல கோட் எழுதினா ரிவ்யூவில் கிழிச்சுத் தொங்கவிடுவாங்க, நியாயமாவும் இருக்கும். நாளைக்கு சர்வர் மாறும், லைப்ரரி மாறும். கமடோர் 64 மாறாது. அதுதான் இந்தப் பசங்களுக்குக் கிடைத்த சலுகை. 1996-ல் கிறிஸ்டியன் பாவர் விக்-2-ஐப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு சைக்கிளிலும் சிப் என்ன செய்கிறது என்று, வெளியிலிருந்து அளந்து பார்த்துக் கண்டுபிடித்தவற்றைத் தொகுத்த கட்டுரை. நான் படித்த டெக்னிக்கல் ஆவணங்களில் அதற்குத் தனி இடம். எமுலேட்டர் எழுதுபவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள், ஏன்னா பேட் லைனையும் மூன்று சைக்கிள் மரியாதையையும் அப்படியே நடிக்காத எமுலேட்டரில் இந்தப் படங்கள் வராது.

வைஸ் என்ற எமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கும். போட்டுப் பாருங்க. ஒரு எஃப்எல்ஐ படத்தை ஓடவிட்டு, முதல்ல படத்தைப் பார்க்காதீங்க, இடது ஓரத்தைப் பாருங்க. அந்தச் சாம்பல் பட்டையை இன்னிக்கு உங்க லேப்டாப் மெனக்கெட்டுக் கணக்குப் போட்டு, 24 பிக்ஸலுக்கு வரைஞ்சு காட்டும்.