மார்பில் அறைந்த சொல்

ஆங்கிலத்தில் ‘பிளாஞ்சென்ட்’ என்று ஒரு சொல் உண்டு. நாள்தோறும் வழங்கும் சொல்லன்று. கவிதையிலும் இசை விமரிசனத்திலும் எப்போதாவது தலைகாட்டும். சிறு அகராதியைப் புரட்டினால் ‘சோக ஒலியுடைய’ என்று பொருள் கிடைக்கும். பல ஆண்டுகளுக்கு முன், மாதா கோயில் மணி ஒன்றைப் பற்றிய குறிப்பைத் தமிழாக்க நேர்ந்தபோது, நாமும் அதனை நம்பி ‘மெல்லிய சோக ஓசை’ என்று எழுதிவிட்டோம். அச்சும் ஏறிற்று. ‘மெல்லிய’ என்பது நாமே சேர்த்த சரக்கு. அதுவே பிழையும் ஆயிற்று.

இச்சொல்லின் மூலம் ‘பிளாங்கெரே’ என்னும் இலத்தீன் வினை. அடித்தல், அறைதல் என்பது அதன் முதற்பொருள். துயர் தாளாது மார்பில் அறைந்துகொள்ளுதல், அறைந்தவாறே கதறுதல் எனப் பின்னர்ப் பொருள் விரிந்தது. நம் ‘மாரடித்தல்’ போல என்க. ஆதலின் கரையில் மோதும் அலைக்கும், அதிர்ந்து நிற்கும் பெருமணிக்கும் ‘பிளாஞ்சென்ட்’ பொருந்தும், விம்மலுக்குப் பொருந்தாது. விம்மலுக்கு ‘பிளெயின்டிவ்’ என்று வேறொரு சொல் இருக்கிறது. அதுவும் இவ்வேரில் தோன்றிப் பிரெஞ்சு வழியாக வந்ததே. வரும் வழியில் அடி போய் முனகல் மட்டும் எஞ்சிற்று.

துயரின் ஓசையைச் சட்டம் கண்டு அஞ்சியதும் உண்டு. கி.மு. 450 அளவில் ரோமாபுரியில் இயற்றப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், இழவில் பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொள்ளலாகாது, ‘லெஸ்ஸஸ்’ செய்யலாகாது என்று விதித்தது. அந்த ‘லெஸ்ஸஸ்’ யாது? நானூறு ஆண்டுகளுக்குப்பின் சிசரோ இதனை ஆராய்கிறார். பழைய உரைகாரர் சிலர், தெளிவாக விளங்கவில்லை, துக்க உடையாக இருக்கலாம் என்று கூறியிருந்தனர். மற்றொருவர் அது அழுகுரல் என்றார். ஏதென்ஸ் நகரில் சோலோன் செய்த சட்டமும் அத்தகைய ஓலத்தையே தடுத்தது என்பதைக் காட்டி, சிசரோ பின்னவர் பக்கம் சாய்கிறார். தடுக்கப்பட்ட அழுகையின் பெயர் அந்நாட்டவர்க்கே புரியாமற் போயிற்று!

‘பிளாங்கெரே’ அவ்வாறு மறையவில்லை. இடைக்காலத்தில் ‘பிளாங்க்டஸ்’ என்னும் புலம்பற்பாட்டாக வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்ட் ஆறு புலம்பல்கள் இயற்றினார். ஆயினும் அதன் வியப்பான பயணம் வேறு திசையில் நிகழ்ந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் நீதிமன்றத்தில் பிரெஞ்சு மொழி புகுந்தது. ‘பிளெயின்ட்’ என்னும் புலம்பல் வழக்குமனு ஆயிற்று. புலம்புபவன் ‘பிளெயின்டிஃப்’, அதாவது வாதி ஆனான். ‘கம்ப்ளெயின்ட்’ என்பதும் இக்குடும்பமே. வழக்காடுவோருக்குப் பிரெஞ்சு புரியவில்லை, ஆங்கிலத்திலேயே வாதிடுக என்று 1362இல் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டம் எழுதப்பட்டதோ பிரெஞ்சில்! மொழி மாறியும் அச்சொற்கள் அகலவில்லை. இங்கிலாந்தின் உரிமையியல் மன்றங்கள் ‘பிளெயின்டிஃப்’ என்பதை 1999இல் கைவிட்டன. நம் நாட்டில் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதனை இன்றும் தாங்கி நிற்கிறது.

தமிழாக்கும்போது மற்றொன்றைக் கண்டோம். ‘கம்ப்ளெயின்ட்’ என்பதற்கு நாம் எழுதும் ‘புகார்’, கூவி அழைத்தலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். பழைய ‘பிராது’ பாரசீகத்து ‘ஃபரியாத்’, அதுவும் அபயக்குரலே. ‘முறையோ’ என்று அலறியவனின் குரல் நம் ‘முறையீட்டில்’ இருக்கிறது. இத்தனை மொழிகளிலும் கதறலே காகிதமாயிற்று.

இதை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மூதாட்டியின் மனு நம் மேசைக்கு வந்தது. கணவரின் குடும்ப ஓய்வூதியம் வந்து சேரவில்லை. ‘ஓய்வூதியத் தாமதம் குறித்த புகார், சுருக்கம் போதும்’ என்று மேலே குறிப்பு எழுதியிருந்தது. மூன்றாம் பக்கத்தில், கணவர் இறந்த இரவைப் பற்றி அவ்வம்மையார் நான்கு வரி எழுதியிருந்தார். கோரிக்கைக்கும் அவ்வரிகளுக்கும் தொடர்பில்லை. சுருக்கத்தில் அவற்றுக்கு இடமும் இல்லை. நாம் அந்நான்கு வரிகளையும் முழுமையாக மொழிபெயர்த்து, சுருக்கத்தின் கீழே சேர்த்து அனுப்பினோம்.