தேனி வாழையைத் தாக்கியது எந்த வாடல்?

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாய வரலாற்றைத் தண்ணீரை வைத்தே சொல்லிவருகிறோம். 1895-இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த பெரியாறு அணை, அதன் பாசனத்தில் செழித்த நெல் வயல்கள், பிறகு திராட்சை, வாழை, சொட்டுநீர் என்று அந்த வரிசை போகும். அதில் விட்டுப்போகும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். இங்கே வாழை வாடியபோது, வாடவைத்தது எது என்று துல்லியமாகக் கண்டறிந்ததும் இந்த மண்ணின் வரலாறுதான். மருந்தே இல்லாத ஒரு நோயில், அந்த அறிதல்தான் விவசாயியின் கையிலிருந்த முதல் கருவி.

அந்த நோயான பனாமா வாடலை உண்டாக்குவது ஃபுசேரியம் என்ற மண்பூஞ்சை. வேர் வழியே நுழைந்து, நீரேற்றும் குழாய்களை அடைத்துவிடும். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டின் அடிப்பகுதி வெடிக்கும். கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்களில் கோலோச்சிய குரோ மிஷேல் ரகத்தை 1960-களுக்குள் சந்தையிலிருந்தே அகற்றியது இந்தப் பூஞ்சையின் முதல் இனம். அந்த இடத்தைப் பிடித்த கேவண்டிஷ் ரகங்கள் முதல் இனத்துக்கு அசையாதவை என்று உலகமே நம்பியது. தமிழ்நாட்டில் ரஸ்தாளி வாடலுக்குப் பலியாகிக்கொண்டிருந்த காலத்தில், சின்னமனூரிலும் கம்பத்திலும் திசு வாழையாக ஜி-9 பரவியபோது, அந்த நம்பிக்கையும் கூடவே வந்தது. ஜி-9 கேவண்டிஷ் குடும்பத்து ரகம்.

அந்த ஜி-9 தேனி மாவட்டத்தில் வாடியது. அப்போது தைவான், மலேசியா, இந்தோனேசியா நாடுகளில் கேவண்டிஷையே கொல்லும் டி.ஆர்.4 என்ற புதிய இனம் தோட்டங்களை அழித்திருந்தது. அதுவே இங்கும் வந்துவிட்டது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் தங்கவேலுவும் முஸ்தபாவும் 2010-இல் வெளியிட்ட முடிவு வேறு: இது முதல் இனம்தான், ஆனால் கேவண்டிஷையும் தாக்கும் அளவுக்கு வலுப்பெற்ற வகை, 0124 என்ற மரபுக்குழுவைச் சேர்ந்தது. அந்தக் குழுவைக் கண்டுபிடிக்கும் பழைய வழி பொறுமையைச் சோதிப்பது. பூஞ்சையைப் பிரித்து வளர்த்து, நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாத திரிபுகளை உண்டாக்கி, அவற்றைத் தெரிந்த குழுக்களோடு ஒவ்வொன்றாக இணைத்து, எது எதனோடு சேர்ந்து வளர்கிறது என்று பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதே 2010-இல் டீட்டா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் டி.ஆர்.4-இன் டி.என்.ஏ.வில் மட்டும் இருப்பதாகக் கண்ட இரண்டு எழுத்து மாற்றங்களை வைத்து ஒரு பி.சி.ஆர். சோதனையை வெளியிட்டார்கள். வாரங்கள் மணிநேரங்களாகச் சுருங்கின.

பெயர் எதுவானால் என்ன, வாழை செத்தது செத்ததுதானே என்று ஒருவர் கேட்கலாம். பணத்தை இழந்தவரின் கேள்வி, அலட்சியப்படுத்தக் கூடாதது. ஆனால் அடுத்த வேலையைத் தீர்மானிப்பது அந்தப் பெயர்தான். டி.ஆர்.4 என்றால் தோட்டத்தையே அடைத்து, மரங்களை அங்கேயே அழித்து, கன்று, மண், வாய்க்கால் நீர் எதுவும் வெளியே போகாமல் தடுக்க வேண்டும். வலுத்த முதல் இனம் என்றால் தோட்டத்தைக் கைவிடாமலே போராட இடமிருக்கிறது. அதே மையத்தின் ஆய்வாளர்கள் உள்ளூர் டிரைக்கோடெர்மா பூஞ்சைகளைக் கூட்டாக இட்டு ஜி-9 வாடலைக் கட்டுப்படுத்தும் முறையை 2015-இல் வெளியிட்டதும் அந்த வழியில்தான். தவறான பெயர் இரண்டு பக்கமும் கெடுதல்: ஒன்றில் காப்பாற்றக்கூடிய தோட்டம் அழியும், மற்றதில் அழிக்க வேண்டியது பரவும்.

சோதனை எதற்கு, கண்ணே போதும் என்ற வாதத்துக்கு வாழையிலேயே ஒரு நல்ல ஆதாரம் உண்டு. முடிக்கொத்து என்ற வைரஸ் நோயை அசுவினி பரப்புகிறது என்று 1920-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மாகீ காட்டினார். டி.என்.ஏ. சோதனை எதுவும் இல்லாமல், தேடிப்பிடித்து அழித்தே அந்த நாடு தன் வாழைத் தொழிலை மீட்டது. உண்மைதான். ஆனால் முடிக்கொத்து இலையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்படியிருந்தும் நம் பழனி மலையின் விருப்பாச்சி வாழை அதனால் பெருமளவு அழிந்தது. வைரஸ் சோதனை செய்த திசுக் கன்றுகள் வந்த பிறகுதான் அதை மீட்கும் முயற்சிக்குப் பிடிமானம் கிடைத்தது. வாடல் பூஞ்சையோ மாதக்கணக்கில் வேருக்குள் ஒளிந்திருக்கும். வாழை போன பிறகும் அதன் வித்துகள் மண்ணில் இருபது ஆண்டுக்கு மேல் தாங்கும். இந்த எதிரியைக் கண்ணால் மட்டும் பிடிக்க முடியாது.

அளவிடும் பி.சி.ஆர். இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிப்பதால், அதனோடு கூடும் ஒளி எத்தனையாவது சுற்றில் தெரிகிறது என்பதை வைத்துத் தொடக்கத்தில் இருந்த அளவைக் கணக்கிடலாம். ஒரே மண்ணில் நெல் நட்ட பின் பூஞ்சை குறைந்ததா என்று ஒப்பிடலாம். குறையும் இருக்கிறது. செத்த பூஞ்சையின் டி.என்.ஏ.வும் கணக்கில் சேரும். 2010-இன் சோதனையே சில வேறு ஃபுசேரியங்களை டி.ஆர்.4 என்று தவறாகக் காட்டியது பின்னர் தெரியவந்தது. அதனால் ஒரே சோதனையை நம்பித் தோட்டத்தை வெட்டச் சொல்வது அநியாயம். இரண்டாவது சோதனையும், பூஞ்சையை உயிரோடு பிரித்தெடுப்பதும் கட்டாயம் வேண்டும்.

டி.ஆர்.4 பிகாரின் கதிஹார், பூர்ணியா மாவட்டங்களில் 2015-இல் தென்பட்டது. உத்தரப் பிரதேசமும் தப்பவில்லை. திசுக்கூடத்தில் வளர்ந்த கன்று பூஞ்சையைக் கொண்டுவராது. தோட்டத்தில் தோண்டிய பக்கக்கன்றும் அதன் கிழங்கில் ஒட்டிய மண்ணும் கொண்டுவரும். வெளி மாநிலக் கன்று எதுவும் சோதனையில்லாமல் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கக் கூடாது. ஜி-9 மரம் ஒன்று வாடினாலும், பழைய முதல் இனம்தான் என்று ஊகித்துவிடாமல், அதன் தண்டுத் துண்டு திருச்சிக்குப் போக வேண்டும்.