லிண்ட்டின் திரையும் ரைலியின் திரையும்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் கிராஃப்டன் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் வில்லியம் லிண்ட். 1873–74இல் அவர் கிளாரன்ஸ் ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்களை உள்ளே உட்காரவைத்துப் படமெடுத்தார். பின்னால் காடு தீட்டிய திரை, தரையில் பரப்பிய செடிகொடிகள், மரப்பட்டை, கையில் ஆயுதம். கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. உட்கார்ந்தவர் சில வினாடிகளாவது அசையாமல் இருந்தாக வேண்டும். அந்த விறைப்பு முகங்களில் இன்றும் தெரிகிறது.

வாசலுக்கு வெளியே நிஜக் காடும் ஆறும் இருக்க, உள்ளே எதற்குப் பொய்க் காடு? லிண்ட் இந்தப் படங்களை ஆல்பமாக விற்றார்; அதை வாங்குகிறவர்கள் பார்க்க விரும்பியது பொய்க் காட்டைத்தான். படத்திலிருந்த கும்பைங்கிர், பண்ட்ஜலங் மக்களின் பெயர்கள் ஆல்பத்தில் இல்லை.

1938–39இல் மானிடவியலாளர் நார்மன் டிண்டேல் திரையையும் செடியையும் கழித்துக்கட்டினார். நேர்முகமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கூடவே ஓர் எண். ஆனால் வம்சாவளிகளை அவர் விடாமல் குறித்துவைத்தார். பிற்காலத்தில் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடி அந்த ஏடுகளுக்கே வந்தன. டிண்டேல் பாம் தீவில் எடுத்திருந்த படத்தில் தன் கொள்ளுத்தாத்தாவைக் கண்ட ஓவியர் வெர்னன் ஆ கீ, 2004இல் தன் குடும்பத்து ஆண்களைப் பெரிய அளவில் கரியால் வரைந்தார். எண்ணிட்ட முகம் உறவாகத் திரும்பி வந்தது.

கேமரா பூர்வகுடியினர் கைக்கு வந்த கதையில் மெர்வின் பிஷப்பைத் தவிர்க்க முடியாது. பிரெவாரினாவில் பிறந்த அவர் 1963இல் சிட்னி மார்னிங் ஹெரால்டில் பயிற்சிப் புகைப்படக்காரரானார். 1975 ஆகஸ்டில் பிரதமர் விட்லம், குரிஞ்சி மக்களின் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியின் கையில், நிலத்தைத் திருப்பித் தரும் அடையாளமாக, மண்ணை அள்ளிப் போட்ட படம் பிஷப்புடையது. அசல் நிகழ்ச்சி நிழலுக்குள் நடந்தது. வெளியே வந்து இன்னொரு முறை செய்யச் சொன்னவர் பிஷப். அதனால்தான் பின்னால் அவ்வளவு நீல வானம். ஏற்பாடு செய்து எடுத்தார் என்று அவரைக் குறை சொல்வோரும் உண்டு. லிண்ட்டும் ஏற்பாடுதானே செய்தார்! யாருடைய தேவைக்காக என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

1986இல் சிட்னியில் பூர்வகுடி, தீவுவாசிப் புகைப்படக் கலைஞர்களின் கண்காட்சி நடந்தது. அதில் மைக்கேல் ரைலியின் ‘மரியா’வும் இருந்தது: சினிமா நட்சத்திரத்துக்கு அமைவதுபோன்ற ஒளியில் ஓர் இளம்பெண். டபோவில் பிறந்து சிட்னிக்கு வந்த ரைலி, அடுத்த ஆண்டே டிரேசி மோஃபட், பிரெண்டா கிராஃப்ட் உள்ளிட்டோருடன் பூமாலி கலைஞர் கூட்டுறவைத் தொடங்கினார். 1990இல் வந்த அவருடைய ‘ஜன்னலோர உருவப்படங்கள்’ வரிசையில் இருப்பவர்கள் நண்பர்கள், சக கலைஞர்கள். பக்கவாட்டில் வரும் ஜன்னல் வெளிச்சமே அலங்காரம்.

அதே காலத்தில் தாயின் ஊரான மோரீக்குத் திரும்பினார். 1955இலேயே நகராட்சி பூர்வகுடியினரை நீச்சல் குளத்திலிருந்து ஒதுக்கிவைத்த ஊர் அது. 1965இல் சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் மாணவர்கள் பஸ்ஸில் வந்து அதை எதிர்த்தார்கள். அங்கே ரைலி சாயம் பூசிய கேன்வாஸ் திரையொன்றைக் கட்டி, வந்தவர்களை வந்த கோலத்திலேயே நிற்கவைத்தார். திரையில் காடில்லை, மலையில்லை. கண் முகத்தைவிட்டு நகர இடமில்லை. ‘நானி ரைட்டும் நாயும்’ என்பது ஒரு படத்தின் தலைப்பு. அந்த வீட்டு நாயும் படத்தில் உண்டு என்பதை எந்த மானிடவியலாளரும் தலைப்பில் எழுதியிருக்க மாட்டார்.

ரைலி 2004இல், 44 வயதில், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தந்தையின் ஊர்ப்பக்கமான டல்பிரகர் குடியிருப்பின் முதியவர்களைப் படமெடுத்திருந்தார். அந்தப் படத்தொடரின் தலைப்பில் உள்ள ‘யார்ன்ஸ்’ என்ற சொல்லுக்கு அங்கே ஊர்ப்பேச்சு, பழங்கதை என்று பொருள். 1999இல் அந்தப் படங்கள் டபோ நகரக் கலைக்கூடத்தில், படத்தில் இருப்பவர்களின் சொந்த வட்டாரத்திலேயே, காட்சிக்கு வைக்கப்பட்டன.