போர்க்களமும் செவியும்

போரில் கையிழந்து மீண்டவனை ஊர் அறியும், காலிழந்தவனையும் அறியும். செவியிழந்தவனை மட்டும் எளிதில் அறிவதில்லை. அவன் உடல் முழுமையாகவே தோன்றும். அழைத்தால் திரும்பமாட்டான், அதனைச் செருக்கு என்பர் சிலர், மந்தம் என்பர் சிலர். இந்த மறைவான காயத்தைப் படை மருத்துவம் எவ்வாறு கண்டுகொண்டது என்பதே இன்று நான் சொல்ல வந்த வரலாறு.

பட்டினச்சேரியில் வாழும் எனக்கு இது முற்றிலும் அயலார் கதையன்று. 1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இப்பகுதியினர் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் கடந்தனர். முதல் உலகப்போரில் உயிர் நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நினைவுச் சின்னம் நிற்கிறது. கேளாச் செவியோடு மீண்ட வீரனுக்குச் சின்னம் ஏது?

நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்றுண்டு. அதனுள் இருக்கும் நுண்ணிய மயிரணுக்களே ஒலியை உணர்கின்றன. வெடியோசை அவற்றை அழித்துவிடும். அழிந்தவை மனிதரிடத்து மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் கெடுவது, 4000 ஹெர்ட்சு அளவிலான உச்ச ஒலிகளைக் கேட்கும் ஆற்றல். ஆகவே ஒலி கேட்கும், சொல் விளங்காது. ‘சட்டம்’ என்றால் ‘பட்டம்’ என்று செவியில் விழும்.

இரண்டாம் உலகப்போர் இத்தகையோரைப் பெருந்திரளாக மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பட்லர் நகரின் டெஷான் படை மருத்துவமனையில், 1944-இல் ரேமண்ட் கார்ஹார்ட் பணியேற்றார். அவர் மருத்துவர் அல்லர், பேச்சியல் அறிஞர். குணப்படுத்த இயலாத செவியையும் பழக்க இயலும் என்பதே அங்கு நடந்த பணியின் அடிப்படை. ஒவ்வொரு வீரனின் கேட்கும் திறனும் அளக்கப்பட்டது. செவித்துணைக் கருவிகள் பலவற்றைப் பொருத்திப் பார்த்து, ஏற்றதைத் தேர்ந்தனர். உதட்டசைவால் பேச்சை உணரவும் பயிற்றினர். இம்முயற்சிகளிலிருந்தே கேட்பியல் தனித்துறையாக வளர்ந்தது. நம் நாட்டில் 1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் தோன்றியது.

படையில் பணியாற்றும் கேட்பியலருக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. செவியடைப்பான் வெடியோசையைத் தடுக்கும். ஆனால் தலைவனின் ஆணையையும் பகைவனின் காலடியையும் சேர்த்தே மறைக்கும். அதனால் உயிருக்கு அஞ்சும் வீரன் அதனை அணியத் தயங்குகிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பேச்சை விட்டு வெடியை மட்டும் தணிக்கும் காப்புகளைத் தேடுவதும், ஆண்டுதோறும் செவியை அளந்து சிறு இழப்பையும் உடனே கண்டறிவதும் அவர் கடமையாகின்றன.

எங்கள் கடற்கரையில் விசைப்படகின் எந்திரத்தருகே இரவெல்லாம் இருப்பவனுக்கும் அதே மயிரணுக்கள்தாம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசை தீங்கு என்பது இன்றைய அறிவு. வீரர்களின் செவி விலையாகக் கொடுத்துப் பெற்ற அந்த அறிவு, வலையிழுப்பவனுக்கும் உரியது.