கடல் தாண்டி வந்த குரல்

ஒரு காலத்தில் மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் ரேடியோ என்றால் சிலோன்தான்! இத்தனைக்கும், கூப்பிடு தூரத்தில் சாந்தோம் கடற்கரையோரமே நம்ம வானொலி நிலையம். காரணம், டெல்லி! 1952-ல் மந்திரியான கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே வேப்பங்காய். ஆகாசவாணியில் அதற்குக் கத்திரி போட்டார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957-ல் விவித்பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எழுபதுகளில் அங்கே கே.எஸ்.ராஜா! மூச்சுவிடாத வேகம்... ஆனால், ஓர் எழுத்துகூடச் சிதறாது. 'திரை விருந்து' நிகழ்ச்சியில் இவர் கேள்வி கேட்பார். சினிமா வசனத் துண்டு பதில் சொல்லும்! (கம்ப்யூட்டரா இருந்தது? சரியான நொடியில் ஓட்டவேண்டிய கைவேலை!)

இனப் பிரச்னை அந்தக் குரலையும் விட்டுவைக்கவில்லை. 1994-ல் கொழும்பில் ராஜா கொல்லப்பட்டார். அவரைத் தினமும் கேட்ட நம்மவர்களில் பலர், முகத்தைப் பார்த்ததேயில்லை.